பாட்டெழுதியவர் பங்கு: ஐ.பி.ஆர்.எஸ். உறுப்பினர் சேவை எப்படி?

தமிழ் சினிமாவில் பாட்டெழுதுகிறவருக்குப் பணம் இரண்டு வழியில் வரலாம். முதல் வழி எல்லாருக்கும் தெரிந்தது. வாட்ஸாப்பில் மெட்டு வரும், “தன்ன னானா” என்கிற தத்தகாரத்துக்குச் சொல் வைத்து அனுப்ப வேண்டும், பல்லவி நான்கு முறை திரும்பி வரும், கடைசியில் பாட்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒரு காசோலை. அதோடு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்கும் ஒரு என்.ஓ.சி.யில் கையெழுத்து. இரண்டாவது வழி, பாட்டு வெளியானபின் வானொலி, தொலைக்காட்சி, கச்சேரி மேடை, ஓட்டல், யூடியூப், ஸ்ட்ரீமிங் செயலி என்று ஒலிக்கிற இடங்களிலிருந்து வரவேண்டிய ராயல்டி. இந்த இரண்டாவது பணத்தை இந்தியாவில் வசூலித்துப் பிரித்துக் கொடுப்பது இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி, சுருக்கமாக ஐ.பி.ஆர்.எஸ்.

சேரலாமா என்று கேட்டால், பாட்டு வெளிவந்திருந்தால் சேர்ந்தே ஆக வேண்டும். படத்திலோ ஒலிப்பதிவிலோ இடம்பெற்ற பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் உரிமம் கொடுக்கும் தொழிலைப் பதிவுபெற்ற காப்புரிமைச் சங்கம்தான் நடத்த வேண்டும் என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு. ஊருக்கு ஒரே ரேஷன் கடை மாதிரி. கார்டில் பெயர் தப்பாக இருந்தால் அரிசி கிடைக்காது என்பதும் அதே மாதிரிதான். இந்தச் சங்கத்தைப் பற்றிய புகார்களில் பெரும்பகுதி, “பணத்தைச் சாப்பிட்டுவிட்டார்கள்” என்று தொடங்கும். கொஞ்சம் தோண்டினால் பெயர்ப் பிழை, தலைப்புப் பிழை, பதிவே செய்யாத பாட்டு என்று வந்து நிற்கும்.

சங்கத்துக்கு வயது அதிகம். 1969இல் மும்பையில் தொடங்கியது. 1977இல் உச்ச நீதிமன்றத்தில் இந்தச் சங்கமே தொடுத்த வழக்கில் தீர்ப்பு எதிராகப் போனது. தயாரிப்பாளர் காசு கொடுத்து எழுதச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அவரே முதல் உரிமையாளர் என்று ஆகிவிட்டது. அதன்பின் முப்பது, நாற்பது வருடம் தமிழில் எழுதியவர்கள் காசோலையோடு கணக்கை முடித்துக்கொண்டார்கள். 2012 சட்டத் திருத்தம்தான் நிலைமையை மாற்றியது. அப்போது மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்த இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அதற்காக வாதாடியது பலருக்கும் நினைவிருக்கும். அந்த ஆண்டு ஜூன் 21 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. புதிய விதிகளின்படி ஐ.பி.ஆர்.எஸ். மறுபடி காப்புரிமைச் சங்கமாகப் பதிவானது 2017 நவம்பரில்.

திருத்தம் கொடுத்தது என்ன? 18ஆம் பிரிவில் ஒரு வரி. திரையரங்கில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற எந்தப் பயன்பாட்டுக்கும் வருகிற ராயல்டியை, எழுதியவரும் மெட்டமைத்தவரும் உரிமையாளரோடு சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பங்கை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. ஆகவே அந்த என்.ஓ.சி.யில் “இனி எனக்கு எந்த ராயல்டியும் வேண்டாம்” என்று அச்சடித்திருந்தால் பதற வேண்டாம், அந்த வாக்கியத்துக்குச் சட்டத்தில் உயிரில்லை. அதற்காகப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதும் புத்திசாலித்தனமில்லை. உரிமைப் பத்திரத்தில் கால அளவு எழுதாமல் விட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். எதிர்த் தரப்பு வழக்கறிஞருக்கு இது தெரியும் என்பதால் “உலகம் முழுதும், என்றென்றைக்கும்” என்று எப்படியும் போட்டுத்தான் கொண்டுவருவார்கள். அதைத் தடுப்பது புதியவருக்குக் கஷ்டம். அதற்குப் பதிலாக இரண்டு விஷயத்தைக் கேட்டுப் பார்க்கலாம், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். ஒன்று, வரிகளைத் தொகுப்பு நூலாக அச்சிடும் உரிமை எழுதியவரிடமே இருக்க வேண்டும். இன்னொன்று, டைட்டில் கார்டிலும் செயலிகளிலும் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் வரவேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

சேரும் வேலை பெரிய பாடில்லை. பான் கார்டு, ஆதார், வங்கிக் கணக்குக்கு கேன்சல்டு செக், புகைப்படம், வெளியான பாட்டின் ஆதாரம். விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம். இதில் நிதானமாகப் படிக்க வேண்டியது அசைன்மென்ட் டீட். மேடை, ஒலிபரப்பு, பிரதி எடுத்தல் சார்ந்த உரிமைகளை நிர்வகிக்கும் அதிகாரத்தைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம் அது. கையெழுத்துப் போட்டபின், கச்சேரி வைக்கிற நண்பர் கேட்டார் என்பதற்காக “என் பாட்டை இலவசமாகப் பாடிக்கொள்” என்று தனியாக அனுமதி கொடுப்பது சிக்கலாகும்.

உறுப்பினரானதும் ஐ.பி.ஐ. எண் கிடைக்கும். உலகத்தில் எந்தச் சங்கமும் ஒருவரை அடையாளம் காண்பது இந்த எண்ணால்தான். இங்கேதான் தமிழ்நாட்டுக்கே உரிய முதல் கோளாறு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துத்தான். பான் கார்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக ஏறியிருக்கும். டைட்டில் கார்டில் புனைபெயர் மட்டும் இருக்கும். யூடியூப் விவரத்தில் ஊர்ப் பெயரோடு சேர்த்துப் போட்டிருப்பார்கள். மூன்றும் மூன்று ஆளாகக் கணினிக்குத் தெரியும். தீர்வு எளிது. சேரும்போதே எல்லாப் புனைபெயர்களையும் மாற்று எழுத்துக்கூட்டல்களையும் கொடுத்துவிட வேண்டும். ஒரே ஆளின் கீழ் பல பெயர்களைப் பதிவதற்கு அந்த எண் முறையிலேயே இடமிருக்கிறது. நடுவழியில் எண் ஜோதிடம் பார்த்துப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டுகிறவர்கள் அன்றைக்கே சங்கத்துக்கும் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது பாட்டுப் பதிவு. இந்தச் சேவையின் உயிர்நாடி இதுதான், எழுதுகிறவர்கள் அதிகம் சோம்பல் படுவதும் இதில்தான். உறுப்பினரானால் போதும், பாட்டெல்லாம் தானாக ஏறிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வெளியீட்டு நிறுவனம் தன் பங்குக்குப் பதிவு செய்யும், உண்மைதான். அதில் எழுதியவர் பெயர் சரியாக ஏறியதா என்று பார்ப்பது நிறுவனத்தின் அவசரமில்லை. தலைப்பு, மாற்றுத் தலைப்பு, படம் அல்லது ஆல்பத்தின் பெயர், மொழி, ஆண்டு, பாடகர், இசையமைப்பாளர், எழுதியவர், வெளியீட்டாளர், பங்கு விகிதம், ஐ.எஸ்.ஆர்.சி. ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

ஐ.எஸ்.ஆர்.சி. என்பது ஒலிப்பதிவின் எண், 12 குறிகள் கொண்டது. ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்பது பாட்டின் எண். ‘டி’ என்ற எழுத்தில் தொடங்கி ஒன்பது இலக்கமும் ஒரு சரிபார்ப்பு இலக்கமும் கொண்டது. பாடகர் பாடியது, பாடகி பாடியது, அன்ப்ளக்டு, ரீமிக்ஸ் என்று ஒரே பாட்டுக்கு நான்கு ஒலிப்பதிவு வந்தால் ஐ.எஸ்.ஆர்.சி. நான்கு இருக்கும். வரியும் மெட்டும் ஒன்றென்பதால் பாட்டின் எண் ஒன்றே போதும். நான்கு ஒலிப்பதிவு எண்களையும் அந்த ஒரு பாட்டோடு இணைக்காவிட்டால், மூன்றின் வருமானம் அடையாளம் தெரியாத பணமாகக் கிடக்கும். ஸ்ட்ரீமிங் நிறுவனங்களிலிருந்து வரும் கணக்கில் முதலில் பொருத்திப் பார்ப்பது இந்த எண்களைத்தான்.

எண் பொருந்தவில்லை என்றால் தலைப்பை வைத்துத் தேடுவார்கள். தமிழுக்கு இது தனிச் சோதனை. தலைப்பு ஆங்கில எழுத்தில்தான் போகிறது. மழை என்ற சொல்லுக்கு ஒருவர் ‘இசட் எச்’ போடுவார், இன்னொருவர் ‘எல்’ போடுவார். எல் போட்டால் மழை மலையாகி, வேறொருவர் பாட்டோடு போய் ஒட்டிக்கொள்ளும். நெடிலுக்கு ‘ஏ’ ஒன்றா இரண்டா, தகரத்துக்கு ‘டி எச்’சா ‘டி’ மட்டுமா, வல்லினம் மிகுமா மிகாதா என்று ஒவ்வொன்றும் ஒரு கிளை. பல்லவியின் முதலடி ஒன்றாகவும் லிரிக் வீடியோவின் பெயர் வேறாகவும் இருப்பது போதாதென்று, திரும்பத் திரும்ப வந்து மனதில் ஒட்டிக்கொள்ளும் ஹூக் வரியைத்தான் ஜனங்கள் பாட்டின் பெயராகச் சொல்வார்கள். மாற்றுத் தலைப்புக் கட்டத்தில் இவை எல்லாவற்றையும் போட வேண்டும். ஒரு பாட்டுக்கு ஐந்தாறு மாற்றுத் தலைப்பு வந்தாலும் தப்பில்லை. தொல்காப்பியருக்குக்கூட இவ்வளவு புணர்ச்சி விதி தேவைப்பட்டிருக்காது.

பங்கு விகிதம் சண்டை வருகிற இடம். முன்பெல்லாம் ஒரு பாட்டுக்கு ஒரு கவிஞர். இப்போது பல்லவியும் சரணமும் ஒருவர், நடுவில் ராப் இன்னொருவர், ஹூக்கில் வருகிற இரண்டு சொல் இயக்குநர் சொன்னது, ஆங்கில வரி பாடகரே போட்டது. யாருக்கு எவ்வளவு என்பதைப் பாட்டு ஹிட்டான பிறகு பேசினால் ஒருவரும் இறங்கமாட்டார்கள். ஒலிப்பதிவு முடிந்த அன்றே ஒரு தாளில் பாட்டின் தலைப்பு, பங்கேற்றவர்களின் சட்டப்பெயர், ஐ.பி.ஐ. எண், சதவீதம், தேதி எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். கூட்டினால் 100 வர வேண்டும். இருவர் தனித்தனியே பதிந்து கூட்டுத்தொகை 125 வந்தால், தகராறு தீரும்வரை எல்லார் பணமும் நிற்கும், ஒழுங்காகப் பதிந்தவர் பணமும் சேர்த்து. பாரதியார் வரியையோ ஆண்டாள் பாசுரத்தையோ பல்லவியாக எடுத்துக்கொண்டு சரணம் மட்டும் புதிதாக எழுதினால் அதையும் அப்படியே குறிப்பிட வேண்டும். முழுப்பாட்டும் தன்னுடையது என்று பதிகிறவர் பின்னால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

டப்பிங் பாட்டு எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தெலுங்கிலோ இந்தியிலோ வந்த மெட்டுக்குத் தமிழ் வரி எழுதினால், தமிழ் வடிவம் தனிப் பதிவாக இருக்க வேண்டும். மூலமொழிப் பாட்டின் பதிவிலேயே தமிழ் ஒலிப்பதிவையும் கோத்துவிட்டால் பணம் ஹைதராபாத்துக்கோ மும்பைக்கோ போய்ச் சேரும். ஐந்து மொழியில் ஒரே நாளில் வெளியாகும் படங்கள் பெருகிவிட்ட காலத்தில் இது சில்லறை விஷயமில்லை.

இனி பணம். ஒரு பாட்டின் வரி, மெட்டு உரிமைக்காக, சங்கத்தின் நிர்வாகச் செலவு போக 1,000 ரூபாய் பிரிக்கக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உரிமை வைத்திருக்கும் வெளியீட்டு நிறுவனத்துக்கு 500. மீதியை இசையமைப்பாளரும் எழுதியவரும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 250. வரி எழுதியவர் இருவர் என்றால் 125. அதில் விதிப்படி 10 சதவீதம் வருமான வரி முன்பிடித்தம் (டி.டி.எஸ்.) பிடித்தால் கையில் 112 ரூபாய் 50 காசு. ஒலிப்பதிவுக்கு உரிய பணம் இதற்கு வெளியே, இசை நிறுவனத்துக்குத் தனியாகப் போகிறது. ஸ்ட்ரீமிங்கில் பெரிய துண்டு அதுதான். கோடிக்கணக்கில் பார்வைகள் வந்த பாட்டுக்கு இவ்வளவுதானா என்று அதிர்ச்சியடைகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள்.

படத்துக்கு வெளியே சொந்தமாகப் பாட்டு வெளியிடும் சுயாதீன இசையில் கணக்கு மாறும். வெளியீட்டாளர் என்று யாருமே இல்லாவிட்டால் முழுப் பணமும் எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும்தான். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோகச் சேவைகளில் பாட்டை ஏற்றுகிறவர்கள், எல்லா ராயல்டியும் அங்கேயே வந்துவிடும் என்று நினைப்பதுண்டு. அடிப்படைத் திட்டத்தில் அவர்கள் தருவது ஒலிப்பதிவின் பணம். வரி, மெட்டின் பணம் சங்கத்தின் வழியாகத்தான் வரும். அந்தப் பணத்தையும் வசூலித்துத் தருகிறோம் என்று, பப்ளிஷிங் நிர்வாகம் என்ற பெயரில் கூடுதல் கட்டணத்துக்கு ஒரு வசதியைச் சிலர் நீட்டுவார்கள். ஏற்கெனவே ஐ.பி.ஆர்.எஸ்.ஸுக்கு எழுதிக் கொடுத்தவர் அதையும் வாங்கினால் ஒரே உரிமைக்கு இரண்டு பேர் கைநீட்டுவார்கள், பணம் நடுவில் நிற்கும்.

எங்கிருந்தெல்லாம் வசூலாகிறது என்பதில் தரம் ஒரே மாதிரி இல்லை. ஸ்ட்ரீமிங் கணக்கு எண்ணிக்கையோடு வருவதால் நம்பலாம். வானொலியில் நீண்ட இழுபறி. ஒலிப்பதிவுக்குக் காசு கட்டிவிட்டோம், எழுதியவருக்குத் தனியாக ஏன் என்று எஃப்.எம். நிறுவனங்கள் வாதிட்டன. கட்டத்தான் வேண்டும் என்று 2023 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. பலவீனமான கண்ணி மேடைக் கச்சேரிதான். உரிமக் கட்டணத்தைக் கட்டுகிற அமைப்பாளர்கூட, என்னென்ன பாட்டு பாடினார்கள் என்ற பட்டியலைச் சரியாகத் தருவதில்லை. படத்தின் பெயர் மட்டும், இசையமைப்பாளர் பெயர் மட்டும், அதுவும் இல்லாமல் “பழைய பாட்டு 12” என்று வந்தால் யாருக்குப் பிரிப்பது? மெல்லிசைக் குழுவினர் பாட்டுத் தலைப்பு, படம், எழுதியவர் என்று மூன்று பத்தியில் ஒரு பட்டியல் தயாராக வைத்திருந்தால் எத்தனையோ பேர் வீட்டுக்குப் பணம் போகும். கல்யாண வீட்டுக் கச்சேரி கணக்கில் வராது. திருமணம் சார்ந்த கொண்டாட்டங்களுக்குச் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது, 2023 ஜூலையில் மத்திய அரசு அதை ஓர் அறிவிப்பாகவும் வெளியிட்டது.

2017இல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் அமெரிக்கக் கச்சேரிகளுக்கு, தன் பாட்டுகளை அனுமதி இல்லாமல் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனபோது தமிழ்நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசியது. மேடையில் பாடுகிற ஒவ்வொரு பாட்டிலும் எழுதியவருக்கும் பங்கு உண்டு என்ற பேச்சு அந்தச் சத்தத்தில் எங்கே கேட்டது?

வெளிநாட்டு வசூல் இந்தச் சேவையின் கவனிக்கப்படாத நல்ல பக்கம். சிங்கப்பூரின் ஒலி 96.8இலோ மலேசியாவின் மின்னல் எஃப்.எம்.மிலோ தமிழ்ப் பாட்டு ஒலித்தால், அந்தந்த நாட்டுச் சங்கம் வசூலித்து இங்கே உள்ள சங்கத்தின் வழியாக அனுப்பும் ஏற்பாடு உலகச் சங்கங்களுக்கிடையே உண்டு. சிங்கப்பூரில் அது காம்பஸ். தனி ஆளாக இதைச் செய்ய முடியாது. வந்து சேர ஓர் ஆண்டுக்கு மேல் ஆகலாம், அவ்வளவுதான்.

சங்கம் செய்யாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். விளம்பரத்திலோ இன்னொரு படத்திலோ பழைய பாட்டை எடுத்துப் பொருத்தும் சிங்க் உரிமத்தை வெளியீட்டு நிறுவனம் நேரடியாகப் பேசி முடிக்கும். எழுதியவருக்கு அதிலும் பங்கு இருக்கிறது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போட்டுக்கொண்டால்தான் பிறகு கேட்க முடியும். பெயர் போடாமல் விட்டால் சங்கம் வழக்குப் போடாது. அது 57ஆம் பிரிவின் கீழ் எழுதியவரின் தனி உரிமை, உரிமையை விற்றபிறகும் அவரிடமே இருக்கும். திரையரங்கில் எத்தனை நாள் ஓடினாலும் அந்த ஓட்டத்துக்கு ராயல்டி கிடையாது.

கணக்கு அறிக்கை வந்ததும் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு மூடிவைப்பது பெரிய தவறு. ஆயிரக்கணக்கான கணக்கு வரிகள் இருக்கும், பலவற்றில் சில பைசா மட்டும். எக்செலில் போட்டுப் பாட்டு வாரியாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். மூன்று விஷயம் உடனே கண்ணில் படும். ஹிட்டான பாட்டு பட்டியலிலேயே இல்லாமல் இருக்கும், அல்லது யூடியூப் வரவு இருந்து மற்ற செயலிகளின் வரவு இல்லாமல் இருக்கும், அல்லது பங்கு சதவீதம் கையெழுத்துப் போட்ட தாளோடு ஒத்துப்போகாது. புகார் எழுதும்போது “என் பாட்டுக்குப் பணம் வரவில்லை” என்று ஒரு வரியில் எழுதினால் பதிலும் அதே நீளத்தில்தான் வரும். பாட்டின் எண், ஒலிப்பதிவு எண், வெளியான தேதி, லிரிக் வீடியோவின் இணைப்பு, பெயர் தெரியும் டைட்டில் கார்டின் படம், எந்தக் காலாண்டு என்று சேர்த்து அனுப்பினால் வேலை நடக்கும். 2012க்கு முன் எழுதிய பாட்டுகளையும் விடாமல் பதிய வேண்டும். வானொலியிலும் மேடையிலும் இன்றைக்கும் அதிகம் ஒலிப்பது அவைதான்.

கடைசியாக, வாரிசு நியமனம். வரிக்கான காப்புரிமை எழுதியவர் வாழ்நாளோடு முடிவதில்லை, இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. 1981இல் மறைந்த கண்ணதாசனின் வரிகளுக்கு 2041 டிசம்பர் வரை, 2013இல் மறைந்த வாலியின் வரிகளுக்கு 2073 வரை, 41 வயதில் 2016இல் போய்விட்ட நா. முத்துக்குமாரின் வரிகளுக்கு 2076 வரை உயிர் உண்டு. உறுப்பினர் விண்ணப்பத்தோடு யாருக்குப் போகவேண்டும் என்பதையும் எழுதிவிட வேண்டும். கூடவே எல்லாப் பாட்டின் பட்டியல், ஒப்பந்த நகல்கள், பங்குத் தாள்கள், ஐ.பி.ஐ. எண் ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு வீட்டில் ஒருவருக்காவது காட்டி வைக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழ் தாலுகா அலுவலகத்தில் வாங்கிவிடலாம். எந்தப் படத்தில் எந்தப் பாட்டு, என்ன பெயரில் எழுதினார் என்று சொல்ல அங்கே ஆள் கிடையாது.